பிடியரிசி: ஒரு வழக்கத்தின் வரலாறு

பிடியரிசி என்பது, அன்றன்றைய சமையலுக்கு அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து, இல்லாதவர்களுக்கென்று தனிக் கலயத்தில் சேர்த்துவைக்கும் வழக்கம் ஆகும். இதைக் கைப்பிடி அரிசி என்றும் கூறுவர். மலையாளத்தில் இதற்குப் 'பிடியரி' என்று பெயர். மராத்தியிலும் வங்காளியிலும் கைப்பிடியைக் குறிக்கும் 'முஷ்டி' என்ற சொல்லால் இது வழங்குகிறது. மிசோரம் மக்கள் 'புஹ்ஃபாய் தாம்' என்கின்றனர். மொழிகள் வேறானாலும் எல்லாவற்றிலும் அளவு ஒன்றுதான்: ஒரு பிடி.

செய்முறை மிக எளியது. உலை வைப்பதற்கு முன் வீட்டுப் பெண் படியாலோ உழக்காலோ அரிசியை அளந்து முறத்தில் கொட்டுவார். புடைத்துக் கல் பொறுக்கியபின், களைவதற்கு முன்பாக, அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அடுப்படியின் மூலையில் இருக்கும் சிறு பானையில் போடுவார். வாரத்துக்கு ஒரு நாளோ மாதத்துக்கு ஒரு நாளோ ஊரார் அமர்த்திய ஒருவர் சாக்குடன் வந்து அதை வாங்கிக்கொண்டு போவார். அவ்வாறு திரண்ட அரிசி கஞ்சித் தொட்டிக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, அனாதை விடுதிக்கோ, கோயில் அன்னதானத்துக்கோ போய்ச் சேரும்.

பெரியவர் ஒருவரின் மூடிய கைக்குள் 30 முதல் 50 கிராம் வரை அரிசி கொள்ளும். மாணவர்கள் 40 கிராம் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 வீடுகள் உள்ள ஒரு சிற்றூரில் நாள்தோறும் சேர்வது 4 கிலோ அரிசி. இன்றைய சத்துணவுத் திட்டத்தில் தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு ஒரு வேளைக்கு ஒதுக்கப்படும் அரிசி 100 கிராம். அந்த அளவின்படி 100 வீட்டுப் பிடியரிசி 40 குழந்தைகளின் மதிய உணவாகிறது. கொடுத்த வீட்டில் அன்று யாருக்கும் வயிறு குறைந்திருக்காது. ஆளுக்கு ஒரு கவளம் குறைந்திருக்கலாம்.

பெண்கள் கையில் இருந்த பொருள்

இந்த வழக்கத்தைப் புரிந்துகொள்ள, அந்நாளைய வீட்டில் எந்தப் பொருள் யார் கையில் இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பணம் ஆண்களின் கையில் இருந்தது. நிலம் அவர்கள் பெயரில் இருந்தது. நன்கொடைப் பட்டியலிலும் கல்வெட்டிலும் அவர்கள் பெயரே பெரும்பாலும் இடம்பெற்றது. ஒரு பெண் ஓரணாவைத் தருமத்துக்குக் கொடுக்க நினைத்தாலும் கணவரிடமோ மாமனாரிடமோ கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது. ஆனால் நெல் குத்தப்பட்டு அரிசியாகி அடுப்படிக்கு வந்துவிட்டால், அதை அளப்பதும் ஆக்குவதும் பகிர்வதும் பெண்ணின் பொறுப்பு. கூட்டுக் குடும்பத்தில் மாமியார் அளந்து கொடுத்திருக்கலாம், அவரும் பெண்தான். ஆகவே யாரையும் கேட்காமல் ஒரு பெண் தானாகக் கொடுக்கக்கூடிய பொருளாக அந்த ஒரு பிடி அரிசி இருந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. பிடியரிசி மிச்சத்திலிருந்து எடுக்கப்படுவதன்று. சாப்பிட்டு மீந்த சோற்றைத் திண்ணையில் இருப்பவருக்குப் போடுவது வேறு. உலையில் இடும் முன்பே பங்கு பிரித்துவைப்பது வேறு. பின்னதில், பெறுபவர் அந்த வீட்டின் சாப்பாட்டுக் கணக்கில் முதலிலேயே சேர்க்கப்பட்டுவிடுகிறார். மேலும், பல வீட்டு அரிசி ஒரே சாக்கில் கலந்துவிடுவதால் யாருடைய சோற்றைத் தின்கிறோம் என்பது பெறுபவருக்குத் தெரியாது. ஒருவர் வாசலில் கை நீட்டி நிற்கும் கூச்சம் அங்கே இல்லை. ஏழை வீட்டுப் பிடிக்கும் பணக்கார வீட்டுப் பிடிக்கும் அளவு ஒன்று என்பதால், கொடுத்தவர்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு தெரியாமல் போனது.

பழைய வேர்கள்

வீடுதோறும் சிறிது பெற்றுப் பலருக்கு உணவிடும் எண்ணம் தமிழில் மிகப் பழையது. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன், மதுரைத் தெருக்களில் ஓடேந்தி வீடு வீடாகச் சென்று பெற்ற உணவைக் கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், பேணுவார் இல்லாதவர் ஆகியோரை அழைத்து ஊட்டியபின் மிஞ்சியதைத் தான் உண்டான் என்பது கதை. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அதே அமுதசுரபி பின்னாளில் மணிமேகலையிடம் சேர்ந்தபோதும், அது சுரக்கத் தொடங்குவதற்கு ஒரு குடும்பப் பெண் இடும் முதற் பிச்சை தேவைப்பட்டது. காவிரிப்பூம்பட்டினத்தில் ஆதிரை அதை இட்டாள். தெய்வப் பாத்திரமே ஆனாலும் ஓர் அடுப்படியிலிருந்து வந்த முதற்பிடியைக் கொண்டே காப்பியம் அதைத் தொடங்கிவைக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

அரசரும் செல்வரும் கட்டிய சத்திரங்களின் வரலாறு செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் கிடைக்கிறது. கைப்பிடி அரிசியின் வரலாறு அப்படிக் கிடைப்பதில்லை. அதற்குக் கல்வெட்டு வெட்டுவோர் யார்? 19 ஆம் நூற்றாண்டில், நிறுவனங்கள் கணக்கெழுதத் தொடங்கிய பிறகுதான் இந்த வழக்கம் எழுத்தில் தென்படத் தொடங்குகிறது.

1867 ஆம் ஆண்டு மே 23 அன்று வடலூரில் இராமலிங்க வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அந்த இடத்துக்கான சுமார் எண்பது காணி நிலத்தைப் பார்வதிபுரம் என்ற அவ்வூரின் மக்கள் பலர் சேர்ந்து கொடுத்தனர். ஒரு மன்னரோ ஜமீனோ தனியாகக் கொடுத்ததன்று. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அதற்கு வரும் அரிசியிலும் காய்கறியிலும் சிறு குடும்பங்கள் கொண்டுவந்து இறக்கும் மூட்டைகள் எப்போதும் உண்டு. தருமச்சாலை தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்குள் 1876–78 பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தாக்கியது.

விருதுபட்டியின் பிடியரிசிப் பள்ளி

தமிழ்நாட்டுப் பிடியரிசி வரலாற்றில் மிக முக்கியமான ஊர் விருதுநகர். அன்று அதற்கு விருதுபட்டி என்று பெயர். அவ்வூரில் வணிகம் செய்த நாடார் சமூகத்தினரிடையே மகமை என்ற ஏற்பாடு இருந்தது. வாங்கி விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் சிறு தொகையைப் பொது நிதிக்கு ஒதுக்குவதே மகமை. அந்த நிதியிலிருந்து கிணறு, பேட்டை, பள்ளி ஆகியவை நடந்தன. அன்று அச்சமூகத்தினர் பல கோயில்களுக்குள் நுழைய முடியாத நிலையில் இருந்தனர். 1899 இல் சிவகாசியில் கலவரமே நடந்தது. பிறர் வாசலில் காத்திருப்பதைவிடத் தம் பிள்ளைகளுக்குத் தாமே பள்ளி கட்டுவது என்று அவர்கள் முடிவு செய்தனர். 1889 இல் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை அப்படிப் பிறந்தது.

கடைத்தெருவிலிருந்து மகமை வந்தது. வீடுகளிலிருந்து பிடியரிசி வந்தது. நாள்தோறும் பெண்கள் எடுத்துவைத்த அரிசியைச் சேகரித்து விற்று, அப்பணத்தைப் பள்ளிச் செலவுக்குப் பயன்படுத்தினர். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கவில்லை. அக்காலத்தில் 'சம்பளம்' என்பது மாணவன் பள்ளிக்குக் கட்டும் கட்டணத்தைக் குறித்த சொல். அது கட்ட முடியாமல் படிப்பை விட்ட பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருந்தனர். விருதுபட்டியில் மட்டும் அந்தக் காரணம் இல்லாமல் போயிற்று. 'பிடியரிசிப் பள்ளிக்கூடம்' என்றே அதை ஊரார் அழைத்தனர் என்று காமராசரின் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர்.

அவர்கள் அதைக் குறிப்பிடக் காரணம், 1903 ஜூலை 15 அன்று அவ்வூரில் பிறந்த காமராசர் அந்தப் பள்ளியில் படித்ததுதான். சிறுவனாக இருந்தபோதே தந்தையை இழந்தவர் அவர். தாயார் சிவகாமி அம்மையார் நகைகளை விற்று வந்த பணத்தின் வட்டியில் குடும்பம் நடந்தது. அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சில ஆண்டுகளாவது பள்ளிப் படிப்பு கிடைத்ததற்குப் பின்னால், பெயர் தெரியாத பல பெண்களின் கைப்பிடி அரிசி இருந்தது. படிப்பு பாதியிலேயே நின்றது என்பதும் உண்மை. வயிற்றுப்பாட்டுக்காக மாமன் கடைக்குப் போக வேண்டியிருந்தது. பிடியரிசி பள்ளிச் சம்பளத்தைத் தீர்த்ததே தவிர வீட்டுப் பசியைத் தீர்க்கவில்லை.

இந்த இரண்டாவது குறையைத்தான் அவர் முதலமைச்சரான பின் எடுத்துக்கொண்டார் எனலாம். ஆடு மேய்க்கும் சிறுவனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று காமராசர் கேட்ட கதையைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. அந்தக் கதை பரவிய அளவுக்கு, மதிய உணவு தொடக்கத்தில் யாருடைய அரிசியில் வெந்தது என்ற செய்தி பரவவில்லை. 1956 இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது அது அரசுப் பணத்தில் நடக்கவில்லை. ஊர் மக்களின் கொடையில் நடந்தது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு மாவட்டம் மாவட்டமாகச் சென்று ஊர்க்கூட்டங்களில் பேசினார். மக்கள் அரிசியாகவும் கம்பாகவும் சோளமாகவும் காய்கறியாகவும் விறகாகவும் கொடுத்தனர். கைப்பிடி அரிசியாகத் திரட்டிய ஊர்களும் உண்டு. சமைக்கும் பாத்திரம் சில இடங்களில் கல்யாண வீட்டிலிருந்து இரவல் வந்தது.

1957 நவம்பரில்தான் அரசு மானியம் கொடுக்க முன்வந்தது. ஒரு குழந்தையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 10 காசு என்று கணக்கிட்டு, 6 காசை அரசு தரும், 4 காசை ஊர் தர வேண்டும் என்று வகுத்தனர். அந்த 4 காசுதான் திட்டத்தின் உயிர்நாடியாகவும் வலுக்குறைவாகவும் இருந்தது. மழை பெய்து விளைந்த ஆண்டில் ஊர்ப் பங்கு தடையின்றி வந்தது. வறண்ட ஆண்டில், குழந்தைகளுக்குப் பசி கூடிய அதே நேரத்தில், ஊர்ப் பங்கு குறைந்தது. 1961 முதல் கேர் நிறுவனத்தின் வழியாக வெளிநாட்டுப் பால்பொடி, எண்ணெய் முதலியன வரத் தொடங்கியபின் நிலை சற்றுச் சீரானது.

இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. 1920 இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவருக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. நிதி பற்றிய ஆட்சேபத்தால் சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. மாநகராட்சியின் நிதியை மேலிடம் நிறுத்த முடிந்தது. விருதுபட்டியின் அடுக்களைப் பானையை அப்படி நிறுத்த யாராலும் முடியவில்லை.

பிற இடங்களில்

கேரளத்தில் பிடியரியின் வரலாறு குரியாக்கோஸ் எலியாஸ் சாவற என்ற கத்தோலிக்கத் துறவியோடு (1805–1871) சேர்த்துப் பேசப்படுகிறது. தேவாலயங்களை ஒட்டிப் பள்ளிக்கூடங்கள் வேண்டும் என்று வற்புறுத்திய அவர், மான்னானத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியக் கஞ்சி தருவதற்கும், கைநகரியில் ஆதரவற்ற முதியோருக்காக 1869 இல் ஏற்படுத்திய இல்லத்துக்கும் வீடுகளிலிருந்து பிடியரி திரட்டினார். பின்னாளில் நாயர் சர்வீஸ் சொசைட்டியை (1914) வளர்த்த மன்னத்து பத்மநாபனும் பள்ளிகள் கட்டுவதற்குப் பிடியரியையும் விளைபொருள் வசூலையும் நம்பினார். மதமும் சாதியும் வேறுபட்ட இரு அமைப்புகள், ஒரே மாதிரியான அடுக்களைப் பானையிடம் வந்து நின்றன.

மராட்டியத்தில் கருமவீரர் பாவுராவ் பாட்டீல் (1887–1959) நிறுவிய ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவின் விடுதிகள் முஷ்டி நிதியால் உண்டன. 1919 இல் தொடங்கிய இந்த அமைப்பு 1924 இல் சாத்தாராவில் ஒரு விடுதியை நடத்தத் தொடங்கியது. மகர், மாங், மராத்தா, முஸ்லிம் என எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் அங்கே ஒரே பந்தியில் உண்டனர். அந்நாளில் இது எளிய செயல் அன்று. சுற்றுவட்டாரக் குடியானவர் வீட்டுப் பெண்கள் மாவரைக்க எடுத்த சோளத்திலும் கம்பிலும் ஒரு பிடி எடுத்துவைத்தனர். ஒரு சமயம் விடுதியில் தானியம் தீர்ந்துபோனபோது, பாட்டீலின் மனைவி லட்சுமிபாய் தம் தாலியையே விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார் என்பது அந்நாட்டில் எல்லாரும் அறிந்த வரலாறு. கைப்பிடித் தானியம் எப்போதும் போதுமானதாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கும் இது சான்று.

மிசோரத்தில் 1910 ஆம் ஆண்டு வாக்கில் தேவாலயப் பெண்கள் தொடங்கிய புஹ்ஃபாய் தாம், ஒரு நூற்றாண்டைக் கடந்து இன்றும் நடக்கிறது. அந்த மலைநாட்டில் அன்று பணப்புழக்கம் மிகக் குறைவு. பெண்களுக்குக் கூலியோ சொத்தோ கிடையாது. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒதுக்குகின்றனர். வாரத்துக்கு ஒருமுறை பெண்கள் குழுவாக வந்து சேகரிக்கின்றனர். பிறகு அதை விற்றுப் பணமாக்கித் தேவாலயப் பணிக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் ஏழைகளுக்கான உதவிக்கும் செலவிடுகின்றனர். இன்று அதன் ஆண்டு வருமானம் கோடிக்கணக்கான ரூபாய். தொடங்கியவர்கள் பெண்கள், ஆனால் பணம் எப்படிச் செலவாக வேண்டும் என்று முடிவு செய்யும் சபைகளில் நெடுங்காலம் ஆண்களே அமர்ந்திருந்தனர் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அரிசி உண்ணும் பிற நாடுகளிலும் இதே பழக்கம் தென்படுவதில் வியப்பில்லை. தென்கொரியாவின் சொல்லா வட்டாரத்தில் சமையலின்போது ஒரு பிடி அரிசியைச் சிறு சாடியில் ஒதுக்குவதற்கு 'சொம்தோரி' என்று பெயர். 1997 இல் அந்நாட்டைப் பணநெருக்கடி தாக்கியபோது, பலர் வேலை இழந்த நிலையில், கூட்டுறவு நிதி நிறுவனங்கள் 1998 இல் அந்தப் பழைய பெயரிலேயே அரிசி திரட்டும் இயக்கத்தைத் தொடங்கின.

தைவானில் அரிசிக்குப் பதில் காசு. 1966 இல் ஹுவாலியன் என்ற ஊரில் செங் யென் என்ற பௌத்தத் துறவி, 30 குடும்பப் பெண்களுக்கு ஆளுக்கொரு மூங்கில் குழாய் கொடுத்தார். சந்தைக்குப் புறப்படும் முன் நாள்தோறும் அரை டாலரை அதில் போட வேண்டும். அன்றைய தைவான் நாணயத்தில் அது மிகச் சிறிய தொகை. மாதம் ஒருமுறை 15 டாலராகக் கொடுத்துவிடலாமே என்று கேட்டவர்களிடம் அவர் அதற்கு இசையவில்லை. மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தால் மாதத்துக்கு ஒருமுறைதான் ஏழையின் நினைவு வரும் என்பது அவர் கருத்து. சந்தையில் அந்தப் பெண்கள் இதைப் பற்றிப் பேசப் பேச மற்றவர்களும் சேர்ந்தனர். அவ்வாறு தொடங்கிய சூ சி அறக்கட்டளை இன்று பல நாடுகளில் மருத்துவமனைகளும் பேரிடர் உதவிப் பணிகளும் நடத்துகிறது.

குழந்தையின் கைப்பிடி

இந்திய விடுதலைக்குப் பின் பிடியரிசியை நாடு முழுவதற்கும் உரிய திட்டமாக்க முயன்றவர் ஆச்சார்ய வினோபா பாவே. பூதான இயக்கத்துக்காக நடந்தே ஊர் ஊராகச் சென்ற அவர், 1950களின் இறுதியில் 'சர்வோதய பாத்திரம்' என்ற ஏற்பாட்டை முன்வைத்தார். வீடுதோறும் ஒரு பாத்திரம் வைக்க வேண்டும்; அதில் நாள்தோறும் ஒரு பிடி தானியம் இட வேண்டும். இட வேண்டியவர் அந்த வீட்டின் மிக இளைய குழந்தை. இந்த நிபந்தனையில்தான் வினோபாவின் நுட்பம் இருக்கிறது. குழந்தையின் கை சிறியது. ஆகவே எந்தக் குடும்பத்துக்கும் அது சுமையாகாது. சோற்றுக்கு உட்காரும் முன் 'பானையில் போட்டாயா?' என்று தாய் கேட்பதும் குழந்தை ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வருவதும் அதற்கு ஒரு பாடமாகவும் அமைந்துவிடும்.

திட்டம் சில இடங்களில் நன்றாகத் தொடங்கியது, நிலைக்கவில்லை. காரணம் எளிது. பானையில் இடுவதற்குக் குழந்தைகள் இருந்தனர். அதை வந்து எடுத்துச் செல்ல ஆள் இல்லை. ஓரிரு மாதம் யாரும் வராமல் போனால் அரிசியில் வண்டு விழும். பிறகு பானை வேறு எதற்கோ பயன்படும்.

காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளும் தமிழ்நாட்டில் பிடியரிசித் திட்டத்தை வலியுறுத்தினார். அரிசியோடு ஒரு சிறு நாணயத்தையும் பானையில் போட வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அரிசி மட்டும் வந்தால் விறகுக்கும் உப்புக்கும் எங்கே போவது என்ற நடைமுறைச் சிக்கலை அவர் நினைத்துப் பார்த்திருந்தார். அந்தந்தப் பகுதிக் கோயிலில் அதைச் சமைத்துப் படைத்து ஏழைகளுக்கு வழங்க வேண்டும் என்றார்.

கலந்த அரிசியின் தொல்லைகள்

எழுத்தில் படிக்கும்போது அழகாகத் தோன்றும் இந்த வழக்கம், நடத்துவோருக்குப் பல தொல்லைகளைக் கொடுத்தது. முதல் தொல்லை கலப்பு. ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் புழுங்கல், இன்னொரு வீட்டில் பழைய அரிசி, அடுத்த வீட்டில் அறுவடையான புதிது. எல்லாவற்றையும் ஒரே உலையில் இட்டால் ஒன்று குழைந்திருக்கும், மற்றொன்று விரையாக நிற்கும். ஆகவே பிடியரிசியைச் சோறாக வடிப்பதைவிடக் கஞ்சியாகக் காய்ச்சுவதே வசதியாக இருந்தது. இல்லையென்றால் வசூலிப்பவர் பச்சரிசிக்கு ஒன்று, புழுங்கலுக்கு ஒன்று என்று இரண்டு சாக்குகளைச் சுமக்க வேண்டும். விருதுபட்டியிலும் மிசோரத்திலும் அரிசியை விற்றுப் பணமாக்கியது இந்தத் தொல்லையையும் தீர்த்தது.

இரண்டாவது, கணக்கு. பணத்துக்கு ரசீது கொடுக்கலாம். ஒரு பிடி அரிசிக்கு எப்படிக் கொடுப்பது? நம்பிக்கைதான் ரசீது. வாங்குபவர் மேல் ஒருமுறை ஐயம் விழுந்துவிட்டால் தெரு முழுவதும் பானைகள் கவிழ்ந்துவிடும். நீடித்து நடந்த இடங்களைப் பார்த்தால், சாக்கு தூக்கியவர் ஊருக்குத் தெரிந்தவராக, குறித்த நாளில் தவறாமல் வருபவராக இருந்திருக்கிறார். பெருமை கொடுத்தவர்களுக்கும் தொடங்கியவர்களுக்கும் போயிற்று. வெயிலில் தெருத்தெருவாகச் சாக்கைச் சுமந்தவர்களுக்கு வரலாற்றில் இடம் கிடைக்கவில்லை.

மூன்றாவது குறை இவற்றைவிடப் பெரியது. பிடியரிசி பெரும்பாலும் தம் தெரு, தம் சாதி, தம் சபை என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றியது. சேரிக்குள் போய் அரிசி வாங்காத வசூல்காரர்களும் உண்டு. சேரிப் பிள்ளைக்கு அந்தக் கஞ்சியைத் தனியே ஊற்றிய இடங்களும் உண்டு. எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்த சாத்தாரா விடுதியும், யார் என்று கேளாமல் சோறிட்ட வடலூரும் சிறப்பாகப் பேசப்படுவதற்குக் காரணம், மற்ற இடங்கள் பல அப்படி இல்லாததே.

பானை மறைந்த காலம்

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஊர்ப்புறங்களில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஊர்ப் பங்கு என்ற பேச்சு இல்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், சமைப்பவர் ஊதியம் யாவும் அரசுப் பொறுப்பாயின. 2011 முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றியே கிடைக்கிறது. 2022 இல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது. ஒரு குழந்தை மதியம் சாப்பிடுவது அடுத்த வீட்டாரின் மனத்தைப் பொறுத்திருந்த நிலை மாறி, அது அக்குழந்தையின் உரிமையாகிவிட்டது. பிடியரிசிப் பானை அடுப்படியிலிருந்து மறைந்ததற்கு மக்கள் மனம் சுருங்கியதே காரணம் என்று வருந்துவோர் இதை மறந்துவிடுகின்றனர். அதன் வேலையில் பெரும்பகுதியை அரசு எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுதான்.

எனினும் அரசின் பதிவேட்டில் வராத பசி இன்னும் இருக்கிறது. தனியே வாழும் முதியவர், அட்டை இல்லாத வெளியூர்த் தொழிலாளி, நோயாளிக்குத் துணையாக மருத்துவமனை வராந்தாவில் படுத்திருக்கும் உறவினர் ஆகியோரைப் பள்ளிச் சத்துணவு எட்டாது. உள்நோயாளிக்கு மருத்துவமனையில் சாப்பாடு உண்டு. உடன் வந்தவருக்குப் பெரும்பாலும் இல்லை.

கேரளத்தில் அந்த உடன் வந்தவர்களுக்காக ஒரு புதிய வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஓர் இளைஞர் அமைப்பினர் நாள்தோறும் பொதிச்சோறு வழங்குகின்றனர். இன்ன நாளைக்கு இன்ன பகுதி என்று முறை வைத்திருக்கின்றனர். முறை வரும் நாளில் அப்பகுதி வீடுகளில் சமைப்பதோடு ஒரு பொதி கூடுதலாக, வசதிக்கேற்ப இரண்டு மூன்று பொதிகளாகவும், வாட்டிய வாழையிலையில் கட்டிவைக்கின்றனர். முன்பு அரிசியாக எடுத்துவைத்ததை இப்போது சோறாகவே கட்டிவைக்கின்றனர் என்பதுதான் வேறுபாடு. காலையில் இளைஞர்கள் வந்து வீடு வீடாக எடுத்துச் செல்கின்றனர். மதியம் மருத்துவமனை வாசலில் வரிசை நிற்கிறது. ஒரு பொதியில் மீன் வறுவல் இருக்கும், ஒன்றில் முட்டைப் பொரியல், இன்னொன்றில் துவையலும் ஊறுகாயும் மட்டும். எந்த வீட்டுப் பொதி யாருக்குப் போகிறது என்பதும், உள்ளே என்ன கறி என்பதும் இலையைப் பிரிக்கும்வரை வாங்குபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது.